ஒரே சுமைக்கு இரண்டு சீட்டு

கருங்குழியில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்த ஓர் எடை மேடையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். தரையோடு தரையாகப் பதித்த இரும்பு மேடையில் வண்டி வந்து நிற்கும். பக்கத்து அறையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் நான் உட்கார்ந்திருப்பேன். சிவப்பு எண்கள் ஏறி இறங்கி ஓரிடத்தில் நிற்கும். நின்றதும் பட்டனைத் தட்டினால் சீட்டு வரும். வரிசை எண், வண்டி எண், சரக்கு, நேரம், எடை. கீழே என் கையெழுத்து. ஒரு பிரதி ஓட்டுநருக்கு, ஒன்று எங்கள் கம்பிக் கொக்கியில்.

எங்கள் வீட்டில் என் அம்மா தலைமுறை வரை எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். நான் பன்னிரண்டாவது முடித்து, மதுராந்தகத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவள். நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தைப் பார்த்து ஒரு வியாபாரி நெல்லுக்கும் செங்கல்லுக்கும் விலை பேசுகிறான் என்பதில் எனக்குப் பெருமை இருந்தது. அந்தப் பெருமையை இங்கே மறைக்க விரும்பவில்லை. பிறகு நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

என் கணவருக்கு மறைமலைநகரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை. காலை ஷிப்ட் வாரங்களில் இரண்டு பேரும் பைக்கில் ஒன்றாகக் கிளம்புவோம். என்னை மேடையில் இறக்கிவிட்டு அவர் பெரிய சாலைக்குப் போய்க் கம்பெனி பஸ் பிடிப்பார்.

மேடைக்கு வாடிக்கையாக வந்தவர்களில் ஒருவன் சவுக்குக் கட்டை ஏற்றி வரும் ஜீப்காரன். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்துத் தோப்புகளில் வெட்டிய கட்டைகளைச் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மரக்கடைக்குக் கொண்டுபோவான். பழைய ஜீப். அதன் பின்னால் நான்கு சக்கர டிரெய்லர். ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்தது. டிரெய்லரின் பின்பலகையில் ஜீப்பின் எண்ணையே பெயின்டால் எழுதியிருந்தான். அவன் முரடன் இல்லை. மேடையில் வண்டியை நிறுத்தியதும் சக்கரத்துக்குக் கீழே கல் வைக்காமல் நகர மாட்டான். என்னை அக்கா என்பான். நான் தம்பி என்பேன்.

ஒருமுறை விளையாட்டாகக் கேட்டேன்.

"தம்பி, இந்த டிரெய்லருக்கு ஆர்.சி. புக்கு கீதா?"

"டிரெய்லருக்கு இன்னாக்கா புக்கு? என்ஜினா கீது இதுல? ஜீப்பு இழுக்குது, அது பின்னால வருது. ஜீப்புக்கு புக்கு கீது, எனக்கு லைசென்ஸ் கீது. வேற இன்னா வோணும்?"

எனக்கும் அது சரியாகவே பட்டது. இரண்டு பேரும் சிரித்தோம்.

மரக்கடைக்காரர் எடைக்கு ஏற்ப விலை தருபவர். அதனால் அவருக்கு உண்மையான எடைச்சீட்டு வேண்டும். ஆனால் அந்தச் சீட்டில் இருக்கும் எடை, அப்படி ஒரு ஜீப் இழுக்கக்கூடாத எடை. வழியில் யாராவது நிறுத்தி, என்ன பாரம் என்று கேட்டால் காட்ட முடியாது. ஆகவே அவனுக்கு இரண்டு சீட்டு தேவைப்பட்டது. முதலில் ஜீப், டிரெய்லர் இரண்டின் எல்லாச் சக்கரமும் மேடைமேல் நிற்க ஒரு சீட்டு. பிறகு வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுப்பான். டிரெய்லரின் பின் சக்கரங்கள் மேடையைவிட்டு மண்ணில் இறங்கும். எண் விறுவிறுவென்று குறையும். அதில் இன்னொரு சீட்டு.

முதல் தடவை அவன் கேட்டபோது, "இன்னாத்துக்கு?" என்றேன்.

"யாராச்சும் மடக்கினா காட்டத்தான்கா. வேற ஒண்ணுமில்ல. அல்லாரும் போடறதுதான்."

எல்லோரும் போடுவதுதான். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவரும் போட்டவர்தான். இதற்காக நான் யாரிடமும் காசு வாங்கியதில்லை. காசு வாங்காததால் அது தப்பில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காசு வாங்கவில்லை, ஆனால் கருவாடு வாங்கியிருக்கிறேன். சில வாரங்களில் கடலோரத்திலிருந்து நெத்திலிக் கருவாடு ஒரு பை கொண்டுவந்து ஜன்னலில் வைத்துவிட்டுப் போவான். குழம்பு வைத்து நாங்கள் சாப்பிட்டிருக்கிறோம்.

அன்று ஐப்பசித் தூறல். காலை ஆறரை இருக்கும். ஜீப் வரும் சத்தமே வேறு மாதிரி இருந்தது. டிரெய்லரில் கட்டைகள் வழக்கத்தைவிட இரண்டு அடுக்கு உயரம். மேடையில் ஏறியதும் எண் ஓடிக்கொண்டே போய் நாலாயிரத்து நூறு கிலோவில் நின்றது. ஜீப்பும் வெறும் டிரெய்லரும் சேர்ந்தே ஆயிரத்துத் தொள்ளாயிரம்தான் வரும். மீதி இரண்டு டன்னுக்கு மேல் கட்டை.

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினேன்.

"தம்பி, இன்னிக்கு ரொம்ப ஜாஸ்தியா கீதே. பாதிய இங்க எறக்கிட்டுப் போயேன். அப்பால வந்து எடுத்துக்கலாம்."

"மழ புடிச்சிகினா தோப்புக்குள்ள வண்டி எறங்காதுக்கா. இந்த ஒரு நட போய்ட்டா ஒரு வாரம் கவல இல்ல. நீங்க போடுங்க."

போட்டேன். நாலாயிரத்து நூறுக்கு ஒன்று. அவன் வண்டியைப் பின்னால் எடுத்தான். இரண்டாயிரத்து எழுநூற்றைம்பதுக்கு இன்னொன்று. இரண்டாவதைப் பார்ப்பவனுக்கு அந்த ஜீப் ஒரு டன்னுக்கும் குறைவான கட்டையைத்தான் இழுக்கிறது என்று தோன்றும். இரண்டிலும் என் கையெழுத்து. முதல் சீட்டை அவன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். இரண்டாவதை ஜீப்பின் முன்பலகையில் செருகினான்.

பெரிய சாலையில் ஏறினால் நிறுத்துவார்கள் என்று அவன் கொஞ்ச தூரம் ஏரிக்கரையோரமாகவே போவது வழக்கம். கரை மேலிருந்து சாலை சரிந்து இறங்கி, இறங்கிய இடத்திலேயே இடப்பக்கம் திரும்பும். அந்தச் சரிவில் அவன் பிரேக் அடித்தபோது ஜீப் கேட்டது, டிரெய்லர் கேட்கவில்லை. டிரெய்லரில் பிரேக்கே கிடையாது. பின்னாலிருந்து இரண்டு டன் ஜீப்பைத் தள்ளியது. ஈரச் சாலையில் ஜீப் திரும்பிக் குறுக்கே நின்றுவிட, டிரெய்லர் வீசியடித்துக் கவிழ்ந்தது. எதிரே டி.வி.எஸ். மொபெட்டில் ஒருவர் வந்துகொண்டிருந்தார். கட்டைகள் அவர் மேல் விழுந்தன. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே இறந்துவிட்டார்.

இதை ஒரு பால் வண்டிக்காரர் வந்து சொன்னார். "உங்க ஜீப்புக்காரந்தான்மா. அவனுக்குக் கை ஒடஞ்சிடுச்சி. அந்தாளுதான் பாவம், ஸ்பாட்லயே பூட்டாரு." நான் எழுந்து வெளியே போகவில்லை. அடுத்து ஒரு செங்கல் லாரி வந்தது. அதற்கு எடை போட்டேன். வண்டி எண்ணைத் தவறாக அடித்து, திருத்தி, மறுபடி அடித்தேன்.

பத்து மணிக்கு மேடையின் முதலாளி வந்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கம்பிக் கொக்கியைக் காட்டினார்.

"அவன் பெரிய எடைச் சீட்டு எது? அத உருவிக் கொளுத்திடும்மா. கம்ப்யூட்டர்ல கீறத நான் ஆள வெச்சி எடுத்துடறேன். நமக்கு எதுக்கு பேஜாரு?"

உருவினேன். கொளுத்துவதற்காக அறைக்குப் பின்னால் போனேன். தூறலில் தீக்குச்சி இரண்டு நமத்துப்போயின. மூன்றாவதை எடுக்கவில்லை. மடித்துச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்து, "ஆச்சுங்க" என்றேன். ஏன் கொளுத்தவில்லை என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். நீதியை நினைத்து வைத்துக்கொண்டேன் என்று சொல்ல ஆசைதான். உண்மை அதில்லை. நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தை என் கையாலேயே எரிக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

சாயங்காலம் என் கணவர் வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"செத்தவரு எங்க கம்பெனி கேன்டீன்ல வேல செய்யறவரு. எங்க பஸ்ஸுலதான் வருவாரு. வண்டிய ஸ்டாப்பிங்கில வுட்டுட்டு ஏறுவாரு. இன்னிக்கி பஸ்ஸு அவருக்காக அஞ்சு நிமிசம் நின்னுது."

சீட்டை எடுத்து அவரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் அதைச் செருகி வைத்தேன்.

இரண்டு நாள் கழித்துப் போலீஸ் வந்தது. ஜீப்பின் முன்பலகையிலிருந்து எடுத்த சீட்டைக் காட்டி, "இது உங்க கையெழுத்தா?" என்றார்கள்.

"ஆமாங்க."

"எடை நீங்க பார்த்துப் போட்டதுதானே?"

"ஆமாங்க."

பார்த்துப் போட்டதுதான். அதில் பொய் இல்லை. எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அவன் சட்டைப் பையில் வைத்த சீட்டைப் பற்றி அவர்கள் கேட்கவே இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. ஜீப்காரன் ஜாமீனில் வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். மேடைப் பக்கம் அவன் வரவில்லை. மற்றவர்கள் வந்தார்கள், இரண்டு சீட்டு கேட்டார்கள். முதல் சில மாதம் மறுத்தேன். பிறகு முதலாளி கூப்பிட்டுப் பேசினார். மறுபடி போட ஆரம்பித்தேன். இதை எழுதும்போதுதான் இந்த வரி எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கனமாக இருக்கிறது. ஒருவர் இறந்த பிறகும் நான் போட்டிருக்கிறேன்.

ஒரு நாள் மத்தியானம் சுமார் ஐம்பது வயதுப் பெண் ஒருவர் மேடைக்கு வந்தார். வண்டியில்லை, நடந்து வந்தார். கையில் ஒரு துணிப்பை. எடை போடும் வண்டி எதுவும் இல்லாமல் அங்கே யாரும் வர மாட்டார்கள். யாரையோ தேடி வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"இங்க சீட்டு போடறது நீங்கதானா மேடம்?"

"ஆமாங்கக்கா. உட்காருங்க."

உட்காரவில்லை. பையிலிருந்து சில ஜெராக்ஸ் காகிதங்களை எடுத்தார். "டி.வி.எஸ்ஸுல வந்து கட்ட வுழுந்து செத்தாரே, அவரு என் வூட்டுக்காரரு. கேஸு இப்பதான் வருது. அந்த ஜீப்புக்காரன் வக்கீலு சொல்றாராம், ஜீப்புல பாரம் கம்மிதான், சீட்டே கீது, வண்டி மேல தப்பில்ல, எங்காளுதான் அவசரத்துல குறுக்க வந்துட்டாருன்னு. இருவத்திரெண்டு வருசமா அந்த ரோட்ல போய்கினு வந்துகினு இருந்த ஆளு மேடம். ஒருநாளும் ஒருத்தர இடிச்சதில்ல. நாஸ்தா துன்னும்போதுகூட அவசரப்பட மாட்டாரு."

ஜெராக்ஸ் காகிதங்களை என் மேசைமேல் வைத்தார்.

"சீட்டு போட்டவங்க நீங்க. ஒருவேள எடை தப்பா காட்டியிருக்குமா? மிசினு தப்பு பண்ணுமான்னு கேக்கத்தான் வந்தேன்."

அவர் மிஷினைச் சந்தேகப்பட்டார். என்னைச் சந்தேகப்படவில்லை. அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். "பார்த்துச் சொல்றேன்கா" என்று மட்டும் சொன்னேன். அவர் போன் எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த வழியே நடந்து போனார். வெயிலில் அவர் சாலையைக் கடக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அவர் டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சொன்னா வேல போவும்."

"தெரியும்."

"உம் மேலயே கேஸு வந்தாலும் வரும்."

"அதுவும் தெரியும்."

"சொல்லாட்டி அந்தாளு குறுக்க வந்து செத்தாருன்னு ஆயிடும்." என் பக்கம் திரும்பி, "அவரு குறுக்க வரலம்மா. எனக்கு அவரத் தெரியும்" என்றார்.

மறுநாள் ஞாயிறு. ஜீப்காரனிடம் முதலில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. முதுகுக்குப் பின்னால் போய்ச் சொல்வது சரியில்லை. பஸ் மாறி மாறிக் கடலோரத்துக்குப் போனேன். அவன் வீட்டு வாசலில் வலை காய்ந்துகொண்டிருந்தது. அண்ணனுடையதாம். அவன் மனைவி முதலில் முகம் மலர்ந்து, "வாங்கக்கா" என்று பாய் போட்டாள். ஒடிந்த கை சரியாகச் சேராமல் அவனுக்கு முழங்கையில் கொஞ்சம் வளைந்திருந்தது.

"தம்பி, பெரிய சீட்டு எங்கிட்ட கீது. கோர்ட்டுல சொல்லப்போறேன். ஒங்கிட்ட சொல்லிட்டுச் செய்யணும்னு வந்தேன்."

மனைவிதான் பேசினாள்.

"இன்னாக்கா இது? அவரு உங்கள அக்கா அக்கான்னு சொல்லிகினு இருந்தாரே. போனவரு போயிட்டாரு. நீங்க சொன்னா வரப்போறாரா? ரெண்டு புள்ளைங்க கீதுக்கா எங்களுக்கு."

"அந்தச் சீட்ட நானுந்தான் போட்டேன்மா. எம் மேலயும் தப்பு கீது."

"அப்ப உங்க தப்ப மட்டும் போய்ச் சொல்லுங்க. இவரு தப்ப எதுக்குச் சொல்றீங்க?"

இரண்டு தப்பும் ஒரே காகிதத்தில் இருக்கிறது என்று பஸ்ஸில் திரும்பும்போதுதான் தோன்றியது. அங்கே தோன்றியிருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியாது. நான் எழுந்தபோது அவன் வாசல்வரை வந்தான். "பஸ்ஸு ஒண்ணரைக்குத்தான்கா" என்றான். அவ்வளவே பேசினான்.

செங்கல்பட்டில் அரசு வக்கீலைப் பார்த்துச் சீட்டைக் கொடுத்தேன். அவர் அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்களுக்கு இதனால் என்ன வரும் என்று தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். முதலாளியிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. அறைச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கோர்ட்டில் எனக்கு முன்னால் மோட்டார் வாகன ஆய்வாளர் சாட்சி சொன்னார். விபத்துக்குப் பிறகு ஜீப்பையும் டிரெய்லரையும் சோதித்தவர் அவர்தான். நான் கதவோரம் நின்று கேட்டேன். சட்டத்தின் பார்வையில் டிரெய்லரும் ஒரு வாகனம்தான், என்ஜின் இல்லாவிட்டாலும், என்றார். அதற்குத் தனியாகப் பதிவு வேண்டும். தனி எண் வேண்டும். எவ்வளவு பாரம் தாங்கும் என்பது அதன் பதிவுப் புத்தகத்தில் இருக்கும். பாரத்துக்கு ஏற்ற பிரேக்கும் பின்விளக்கும் இருக்க வேண்டும். இழுக்கிற வண்டிக்கும் ஓர் எல்லை உண்டு. இந்த டிரெய்லருக்குப் பதிவு இல்லை, பிரேக் இல்லை, விளக்கு இல்லை. அது எவ்வளவு தாங்கும் என்று யாரும் கணக்கிட்டுப் பார்த்ததே இல்லை.

"ஓட்டியவருக்கு உரிமம் இருந்ததா?" என்று கேட்டார்கள்.

"இருந்தது. இலகுரக வாகன உரிமம். அந்த உரிமத்துக்கு எல்லை ஏழரை டன். இவர் அதற்குள்தான். உரிமத்தில் குறையில்லை."

உரிமம் சரி, ஜீப்புக்குப் புத்தகம் சரி. அவன் என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னது இரண்டும் உண்மை. கொன்றது அவை இரண்டுக்கும் பின்னால் பெயரில்லாமல் வந்த ஒன்று.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நான் இரண்டு சீட்டு போட்ட விதத்தைச் சொன்னேன். பின் சக்கரத்தை எப்படி மண்ணில் இறக்குவார்கள் என்று கேட்டார் நீதிபதி. கையால் காட்டினேன். ஜீப்காரனின் வக்கீல் எழுந்தார்.

"அம்மா, பொய்ச் சீட்டு போட்டேன் என்று நீங்களே சொல்கிறீர்கள். இரண்டு வருடம் போலீசிடம் மறைத்தேன் என்றும் சொல்கிறீர்கள். இப்போது கொண்டுவந்திருக்கிற சீட்டு மட்டும் உண்மை என்று நாங்கள் எதை வைத்து நம்புவது?"

நியாயமான கேள்விதான். தண்ணீர் கேட்டேன். கொடுத்தார்கள்.

"வரிச நம்பரப் பாருங்கய்யா. ஜீப்புல கெடச்ச சீட்டுக்கு முந்தின நம்பர் இது. கம்ப்யூட்டர்ல இத அழிச்சிருப்பாங்க. ஆனா நம்பர அழிக்க முடியாது. அந்த நம்பர் மட்டும் அங்க இருக்காது, தாண்டிப் போயிருக்கும்."

கம்ப்யூட்டரை வரவழைத்துப் பார்த்தார்கள். அப்படித்தான் இருந்தது. அந்தக் காலையில் ஒரே ஓர் எண் இல்லை. என் கையில் இருந்த சீட்டு அந்த எண்.

நான் சாட்சி சொல்லும்போது ஜீப்காரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இறந்தவரின் மனைவி பின் பெஞ்சில் இருந்தார். வெளியே வராந்தாவில் அவரைப் பார்த்தேன். கையைப் பிடித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேனா, திட்டுவார் என்று எதிர்பார்த்தேனா, எனக்கே தெரியவில்லை. அவர் இரண்டும் செய்யவில்லை.

"அன்னைக்கு நீங்க ரெண்டாவது சீட்டு போட மாட்டேன்னு சொல்லியிருந்தா அவன் கட்டைய எறக்கியிருப்பானா?" என்று கேட்டார்.

"தெரியலக்கா. எறக்கியிருக்கலாம்."

"எறக்கியிருக்கலாம்" என்று அவர் திரும்பச் சொன்னார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

தீர்ப்பில் மொபெட் ஓட்டியவர்மேல் எந்தத் தவறும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். ஜீப்காரனுக்குச் சிறைத்தண்டனை. ஓட்டுநர் உரிமமும் போனது. என்மேல் வழக்கு வரவில்லை. ஆனால் என்னைக் கண்டித்து இரண்டு வரி இருந்தது. எடை மேடையில் போடும் கையெழுத்தை நம்பித்தான் சாலையில் மற்றவர்கள் போகிறார்கள் என்ற பொருளில். அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். பிறகு எடை மேடைகளில் எனக்கு வேலை கிடைக்கவில்லை. கேட்ட இரண்டு இடத்திலும், "நீங்கதானா அது?" என்றார்கள். கடைசியில் ஊரப்பாக்கத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் பில் போடச் சேர்ந்தேன். ரயிலில் போய் வருகிறேன்.

போன வருடம் உறவில் ஒரு கல்யாணத்துக்காக மாமல்லபுரம் போயிருந்தேன். பஸ் நிலையத்தில் யாரோ "அக்கா" என்றார்கள். திரும்பினால் அவன். தலை முன்பக்கம் நரைத்திருந்தது. ஐஸ் கம்பெனியில் மூட்டை தூக்குகிறானாம். வளைந்த கையோடு எப்படித் தூக்குகிறான் என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. அவனைப் பார்த்ததும் எனக்கு ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அவன் பக்கத்தில் வந்து நின்றான்.

"வூட்ல எப்டி கீறாங்க தம்பி?"

"கீறாங்க. அவ உங்க பேர எடுத்தா இன்னும் கத்துவா. நீங்க ஒண்ணும் நெனச்சிக்காதீங்க."

கடந்துபோன ஒரு பஸ்ஸுக்காக இரண்டு பேரும் ஒதுங்கி நின்றோம்.

"நீங்க சொல்லலன்னா நான் தப்பிச்சிருப்பேன்கா" என்றான். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னான்.

"தெரியும் தம்பி."

"தப்பிச்சிருந்தா மறுவாரமே வேற டிரெய்லரு செஞ்சிருப்பேன். அதே ஏரிக்கர ரோட்லதான் போயிருப்பேன். உள்ள இருந்தப்ப ரொம்ப நாளு நெனச்சிப் பாத்தேன். நான் நிறுத்தியிருக்க மாட்டேன்கா. அதான் எனக்கே பயமா கீது."

"சாப்ட்டியா?" என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றான். செங்கல்பட்டு பஸ் வந்தது. கூட்டம். அவன் முன்னால் போய் நல்ல கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நான் ஏற வழிவிட்டு நின்றான். உட்கார இடம் கிடைத்து ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவன் ஐஸ் கம்பெனி இருக்கும் பக்கம் நடந்துகொண்டிருந்தான்.